பித்தப்பை ஆபரேஷன்: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைக்கக் கூடாதா, டாக்டர்? சிறுநீரகக் கல்லை அப்படித்தானே எடுக்கிறார்கள்?

பதில்: குழப்பமே அந்த ஒப்பீட்டில்தான். பித்தநீரில் கொழுப்பு மிகுந்து, பையும் சரியாகச் சுருங்காமல் போனால், தேங்கியது கெட்டிப்பட்டுக் கல்லாகிறது. கல்லை மட்டும் எடுத்தால் அதே பையில் மறுபடி விளையும். உடைத்துவிட்டால்? துண்டு நழுவிப் பித்தக்குழாயை அடைத்தால் மஞ்சள் காமாலை, கணைய அழற்சி என்று புது வம்பு. 1882-இல் பெர்லினில் லாங்கன்பூக் என்ற அறுவை மருத்துவர் முதன்முதலாக இந்த ஆபரேஷனைச் செய்தபோதே பையோடுதான் எடுத்தார். எடுத்த கற்களை டப்பியில் போட்டுக் கொடுத்தால் பாருங்கள். பல கல் இருந்தால் ஒன்றையொன்று நெருக்கிப் பட்டை தீட்டியது போல இருக்கும்.

கேள்வி: ஸ்கேனில் தற்செயலாகக் கல் தெரிந்தது. வலியே இல்லை. எடுத்தாக வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டாம். கல் 3 செ.மீ.க்கு மேல், அல்லது கூடவே பாலிப் (பையின் உட்சுவரில் வளரும் சிறு சதை) என்று ஏதாவது இருந்தால் மட்டும் தனியாக யோசிப்போம்.

கேள்வி: பை இல்லாமல் சாப்பாடு எப்படிச் செரிக்கும்?

பதில்: பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பை ஒரு கிடங்கு, 30 முதல் 50 மில்லி பிடிக்கும், அவ்வளவுதான். எடுத்தபின் பித்தநீர் நேராகக் குடலுக்குப் போய்க்கொண்டிருக்கும். சிலருக்கு முதல் சில வாரம் வயிறு இளக்கமாகப் போகும். கொழுப்பை ஒரே வேளையில் அள்ளிப் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். வாழ்நாள் பத்தியம் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு வயிற்றில்தான் ஆபரேஷன். வலது தோள் வலிக்கிறது என்கிறாரே?

பதில்: மயக்கத்தில் கையை முறுக்கிவிட்டீர்களா என்று என்னிடமே சண்டைக்கு வந்தவர்கள் உண்டு! சிறு துளை வழியே விடும் கேமரா உள்ளே பார்க்க இடம் வேண்டுமென்று கார்பன் டை ஆக்ஸைடு செலுத்தி வயிற்றை உப்ப வைக்கிறோம். அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது. அங்கிருந்து வரும் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் சேர்வதால், மூளை அதைத் தோள்வலி என்று எடுத்துக்கொள்கிறது. எழுந்து நடக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

கேள்வி: நான்கு சிறு துளைதான் என்றார்கள், விழித்தால் நீளமாகத் தையல். தவறு நடந்ததா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. பை வீங்கி ஒட்டிக்கிடந்தால் எது பித்தக்குழாய் என்றே தெரியாது. அதைத் தவறி வெட்டிவிடுவதுதான் இதில் பெரிய ஆபத்து. தெரியாத இடத்தில் வயிற்றைத் திறந்து பார்ப்பவர் பொறுப்பானவர்.

கேள்வி: வீட்டுக்கு வந்தபின் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினாலோ, குளிர்க்காய்ச்சல், கண்ணில் மஞ்சள், தேநீர் நிறத்தில் சிறுநீர் என்று எது வந்தாலோ, மறுபரிசோதனைத் தேதி வரட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே போங்கள்.