பையனின் மார்பு வீக்கம்: அட்வான்ஸ் கட்டும் முன்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. ஒரு வருடமாக மார்பு பெண்பிள்ளைகளுக்குப் போலப் புடைத்திருக்கிறது. தொட்டால் வலிக்கிறதாம். பி.டி. பீரியடுக்கே போகமாட்டேன் என்கிறான். எங்களுக்குத் தெரியாமல் ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு ஒரு க்ரீம் வாங்கித் தடவியிருக்கிறான், பலனில்லை. விளம்பரம் பார்த்து ஒரு கிளினிக்குக்குப் போனோம். லேசர் ஆபரேஷனுக்கு 70,000 ரூபாய், இந்த வாரமே அட்வான்ஸ் கட்டினால் 10,000 தள்ளுபடி என்கிறார்கள். கட்டலாமா?
- ஒரு தாய், ஈரோடு

பதில்: கட்டாதீர்கள் அம்மா. உங்கள் மகனுக்கு இப்போது ஆபரேஷன் தேவைப்பட வாய்ப்பு மிகக் குறைவு.

பருவமடையும்போது பையன்கள் உடம்பிலும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சுரக்கும். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் முழு அளவுக்கு ஏறும்வரை இரண்டின் விகிதமும் கொஞ்ச காலம் தடுமாறும். அப்போது காம்புக்கு அடியில் ரப்பர் வட்டு மாதிரி சுரப்பித் திசு வளர்ந்து வலிக்கும். இதைத்தான் டாக்டர்கள் கைனகோமாஸ்டியா என்கிறார்கள். ஏறக்குறைய பாதிப் பையன்களுக்கு ஏதோ ஓர் அளவில் வருகிறது. 13, 14 வயதில்தான் அதிகம். பெரும்பாலோருக்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் தானாக வடிந்துவிடும். ஹார்மோன் அடங்குவதற்குள் அறுத்தால் மறுபடி வளரவும் கூடும்.

அந்தக் கிளினிக்கில் பையனின் விதைப்பையைத் தொட்டுப் பார்த்தார்களா? என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்று கேட்டார்களா? இல்லையென்றால் அவர்கள் பரிசோதிக்கவே இல்லை. விதை சிறுத்திருந்தால் கிளைன்ஃபெல்டர் என்ற மரபணுக் கோளாறாக இருக்கலாம். விதையில் கட்டி இருந்தாலும், தைராய்டு, கல்லீரல் கெட்டாலும் மார்பு பெருக்கும். ரிஸ்பெரிடோன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகளாலும், ஸ்டீராய்டு கலந்த ஜிம் பவுடராலும் வரும். அதனால் பணத்தை முதலில் குழந்தைநல மருத்துவருக்கோ எண்டோகிரைன் (ஹார்மோன்) மருத்துவருக்கோ செலவழியுங்கள். அவர் பார்த்துத் தேவையென்றால் ரத்தப் பரிசோதனை எழுதுவார். ஒரு பக்கம் மட்டும் கல் மாதிரி இறுகினாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ, வேகமாகப் பெருத்தாலோ தள்ளிப்போடாதீர்கள்.

வலியும் வீக்கமும் அதிகமென்றால் ஆரம்பக் கட்டத்தில் சில மாதங்களுக்கு, ஈஸ்ட்ரோஜன் வேலை செய்வதைத் தடுக்கும் டமாக்ஸிஃபென் மாத்திரை தருவதுண்டு. அது நிபுணர் முடிவு. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

க்ரீம் எதுவும் சுரப்பியைக் கரைக்காது. பில், விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட் இரண்டையும் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்.

அப்புறம், பி.டி. மாஸ்டரிடம் தனியாக ஒரு வார்த்தை பேசுங்கள். 'உன் வகுப்பிலேயே பலருக்கு இது இருக்கும், யாரும் சொல்லமாட்டார்கள்' என்று பையனிடமும் சொல்லுங்கள். கம்ப்ரஷன் பனியன் மறைக்க மட்டும்தான் உதவும். ரொம்ப இறுக்கமாக வேண்டாம், நம் வெயிலுக்கு வேர்க்குரு வந்துவிடும்.

கேள்வி: எனக்கு 19 வயது. நாலு வருடமாக எனக்கும் இந்த மார்பு வீக்கம் இருக்கிறது. எடை குறைத்தும், ஜிம் போயும் போகவில்லை. ஆபரேஷன் செய்தால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?
- கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: வெறும் கொழுப்பாக இருந்திருந்தால் எடையோடு குறைந்திருக்கும். நாலு வருடத் திசு நார்போல இறுகியிருக்கும்; மாத்திரைக்கும் மசியாது. வேறு காரணம் இல்லையென்று மருத்துவர் சொல்லிவிட்டால் உங்களுக்கு ஆபரேஷன் நியாயமான வழி. கொழுப்பை உறிஞ்சி எடுத்து, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்தில் சின்னதாகக் கீறிச் சுரப்பியை வெட்டி எடுப்பார்கள். லேசர் கொழுப்பைத்தான் உருக்கும், சுரப்பி அங்கேயே இருக்கும். 'லேசர் மட்டும் போதும்' என்கிற இடத்தை விட்டு வெளியே வாருங்கள்.

கத்தி பிடிக்கப்போகிறவர் பெயரைக் கேளுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. (இப்போது DrNB) என்ற மேற்படிப்பு முடித்தவராக இருக்கவேண்டும், பதிவு எண்ணை மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் சரிபார்க்கலாம். மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம் போடும் இறுக்கமான பனியன், ரத்தம் கட்டினால் மறுபடி திறக்கும் செலவு, எடுத்த திசுவின் பயாப்ஸி எல்லாம் தொகையில் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். சென்னை ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளிலும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது, அங்கும் விசாரியுங்கள்.

இன்ஷூரன்ஸில் அழகுக்கான ஆபரேஷனுக்குப் பணம் தரமாட்டார்கள். மருத்துவ ரீதியில் அவசியம் என்று சிகிச்சை தருபவர் சான்று கொடுத்தால் பரிசீலிப்பார்கள். அந்தச் சான்றோடு முன்அனுமதி கேட்டு, பதில் எழுத்தில் வந்த பிறகு தேதி குறியுங்கள்.