கடைசி வரி வரை படித்த அப்பா

அறிகுறி காட்டாமலே வளரும் நோயை உங்கள் வீட்டில் யாராவது அனுபவித்ததுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அப்பாவுக்கு வந்த கிளாக்கோமா, அதாவது கண் நீர் அழுத்த நோய், அப்படிப்பட்டதுதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துக்கொள்ளும் வழக்கமுள்ள அவர், எழுத்துப் பலகையின் கடைசி வரியையும் தடுமாறாமல் படித்துவிடுவார் என்பதால், கண்ணில் குறையிருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. இடது தோள் அடிக்கடி கதவு நிலையில் இடிபட்டதையும், மாடிப்படியின் கடைசிப் படியில் கால் தவறியதையும் வயதின் கணக்கில் எழுதிவிட்டோம்.

எழுத்துப் பலகை நடுப்பார்வையை மட்டுமே சோதிக்கிறது. இந்த நோயோ பெரும்பாலும் ஓரத்திலிருந்து தொடங்குகிறது. கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாதபோது அழுத்தம் கூடி, பார்வை நரம்பிலுள்ள சுமார் 10 லட்சம் இழைகள் சிறிது சிறிதாக மடிகின்றன. பரவலாகக் காணப்படும் வகையில் வலியோ சிவப்போ இருப்பதில்லை. இழந்த பகுதி கறுப்பாகவும் தெரிவதில்லை. ஒரு கண் விட்டதை மறு கண் ஈடுகட்ட, மிச்சத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. அழுத்தம் இயல்பான அளவாகிய 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருந்தும் நரம்பு சேதமடைவோர் உண்டு என்பதால், அழுத்தத்தை மட்டும் அளந்துவிட்டு நிம்மதியடைவதும் சரியல்ல.

கண் மருத்துவமனையில் பார்வைப் பரப்புச் சோதனையின்போது நான் அருகில் இருந்தேன். ஒரு கண்ணை மூடி, மோவாயைத் தாங்கியில் வைத்து, வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். புள்ளிகள் தோன்றி மறைந்துகொண்டேயிருக்க, அப்பா விரலை அசைக்காமல், "இன்னும் ஆரம்பிக்கவில்லையா?" என்று கேட்டார்.

போன பார்வை திரும்பாது. எஞ்சியதைச் சொட்டு மருந்தால் காக்கலாம். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இருந்தால் நமக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், நானும் தங்கையும் ஆண்டுதோறும் கண்பாவையை விரித்து நரம்பைப் பரிசோதித்துக்கொள்கிறோம். கண் சிவந்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் இந்த நோயை வரவழைக்கக்கூடும் என்பது அங்கே தெரிந்துகொண்ட இன்னொரு விஷயம்.

அப்பா இப்போது இரவில் மருந்து விட்டு, இரண்டு நிமிடம் மூக்கோரத்தை அழுத்தியபடி அமர்ந்திருக்கிறார். நன்றாகத் தெரிகிற கண்ணுக்கு இது எதற்கு என்று மாதம் ஒருமுறையாவது கேட்டுவிடுகிறார்.