நோயாளி படத்தை பிரஸ் மீட்டில் தர ஆபரேஷன் படிவக் கையெழுத்து போதுமா?

போதாது. உங்கள் மருத்துவமனை எம்.டி. (நிர்வாக இயக்குநர்) எவ்வளவு அவசரப்படுத்தினாலும், அங்கே கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் செய்துகொண்ட மேலூர்ப் பெண்ணின் படத்தை நாளைய பிரஸ் மீட்டில் கொடுக்காதீர்கள்.

படிவத்தில் "புகைப்படம் எடுக்கலாம்" என்று ஒரு வரி இருக்கும், அதைத்தான் காட்டுகிறார்கள் போல. அது பெரும்பாலும் மருத்துவப் பதிவுக்கும் பாடத்துக்கும்தான். அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தை அனுமதியில்லாமல் எந்த இதழிலும் டாக்டர் வெளியிடக் கூடாது என்கின்றன 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிகள். சிக்குவது உங்கள் சர்ஜன் என்று சொல்லிப் பாருங்கள், எம்.டி. கேட்பார்.

தனித்தாளில் தமிழில் எழுதுங்கள்: எந்தப் படம், பேப்பரா டிவியா ஃபேஸ்புக்கா, வேண்டாமென்றாலும் சிகிச்சையில் குறை வராது. வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அதுவும் பில் முடிந்த பிறகு. சலுகை பேசிக்கொண்டிருக்கும்போது தலையாட்டுவது சம்மதமே இல்லை. "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றால் காத்திருங்கள், நச்சரிக்காதீர்கள்.

ஒன்று கவனியுங்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. "மேலூர் பக்கம், 34 வயது, கர்ப்பப்பைக் கட்டி" என்றாலே ஊர் கண்டுபிடித்துவிடும். "மதுரை மாவட்டம், முப்பதுகளில் உள்ள பெண்" என்று எழுதலாம், அதற்கும் அவரிடம் கேட்டுவிட்டு. ஸ்கேன் படத்தின் மூலையில் பெயரும் ஐடி எண்ணும் இருக்கும், அதை வெட்டிவிட்டே அனுப்புங்கள்.