லிங்க்ட்இன்னைத் திறந்தாலே வயிற்றைக் கலக்குகிறது!

கணினி அறிவியல் மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு மனநல ஆலோசகர் ஒருவரும் கணினித் துறைப் பேராசிரியர் ஒருவரும் சேர்ந்து அளித்த பதில்கள்.

கேள்வி: இறுதியாண்டு படிக்கிறேன். வேலை சார்ந்த சமூக வலைத்தளமான லிங்க்ட்இன்னைத் திறந்தால் எல்லாருக்கும் வேலை கிடைத்துவிட்டது, நான் மட்டும் நிற்கிறேன் என்று தோன்றுகிறது. வேலை அறிவிப்பும் அங்கேதான் வருகிறது, விடவும் முடியவில்லை. (வாசகர், கோவை)

உங்கள் வகுப்பில் 60 பேர், அதில் 9 பேருக்கு ஆஃபர் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது பேரும் படத்தோடு பதிவு போடுவார்கள். மீதி 51 பேரில் ஒருவர்கூட 'இன்றும் கிடைக்கவில்லை' என்று எழுதமாட்டார். இது முதல் சல்லடை. அடுத்ததை அல்காரிதம், அதாவது யாருக்கு எந்தப் பதிவைக் காட்டுவது என்று முடிவு செய்யும் நிரல், போடுகிறது. கமென்ட் நிறைய விழும் பதிவை அது மேலே தூக்கும். ஆஃபர் பதிவைப் பார்த்துவிட்டு 'வாழ்த்துகள்' சொல்லாமல் போவது நம்மூரில் மரியாதைக் குறைவு. நண்பர் வாழ்த்திய ஒரே காரணத்துக்காக, முன்பின் தெரியாதவரின் ஆஃபரும் உங்கள் திரையில் வந்து நிற்கும்.

செட்டிங்ஸில் 'அக்கவுன்ட் பிரிஃபரன்சஸ்' போய், 'பிரிஃபர்டு ஃபீட் வியூ' என்பதை 'மோஸ்ட் ரீசன்ட்' என மாற்றுங்கள்; பதிவுகள் நேர வரிசைப்படி வரும். வேலைக்கு ஜாப் அலர்ட்டை மின்னஞ்சலுக்கு வரவைத்துவிட்டால் ஃபீடை, அதாவது பதிவுகள் வரிசையாக ஓடும் பக்கத்தை, தொடவே வேண்டாம். இன்ஸ்டாகிராமில் பரிந்துரைப் பதிவுகளை 30 நாள் நிறுத்தி வைக்கலாம். 31ஆம் நாள் அவை சத்தமில்லாமல் திரும்பிவிடும், காலண்டரில் குறித்து வையுங்கள்.

ஃபேஸ்புக் 2012 ஜனவரியில் ஒரு வாரம் 6,89,003 பேரின் ஃபீடை அவர்களைக் கேட்காமலே மாற்றிப் பார்த்தது. மகிழ்ச்சிப் பதிவுகளைக் குறைத்தபோது அவர்கள் எழுத்திலும் மகிழ்ச்சிச் சொற்கள் குறைந்தன. மிகச் சிறிய மாற்றம்தான். ஆனால் கவனியுங்கள், அங்கே பிறர் மகிழ்ச்சி யாரையும் வாட்டவில்லை. உங்களைக் குத்துவது அதே வகுப்பு, அதே கம்பெனி என்ற ஒப்பீடு. ஆகவே எல்லாரையும் அன்ஃபாலோ செய்ய வேண்டாம். பிளேஸ்மென்ட் முடியும்வரை சக மாணவர்களை மட்டும் மியூட் செய்தால் போதும்.

கேள்வி: என் மகன் விண்ணப்பித்த பத்தே நிமிடத்தில் நிராகரிப்பு மெயில் வந்துவிட்டது. யாராவது படித்துத்தான் பார்த்தார்களா? அவன் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. (வாசகி, மதுரை)

அநேகமாக யாரும் படிக்கவில்லை அம்மா. சிஜிபிஏ, நிலுவையில் உள்ள அரியர், தேர்ச்சி ஆண்டு என்று முன்கூட்டியே போட்டுவைத்த வடிகட்டியில் நின்றிருக்கும். ரெஸ்யூமையும் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள். பிடிஎஃப்பைத் திறந்து, எல்லா எழுத்தையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டட்டும். வரிகள் முன்னுக்குப் பின் மாறியிருந்தால், அல்லது கைபேசி எண்ணே வரவில்லை என்றால், கம்பெனி மென்பொருளுக்கும் அப்படியே தெரிய வாய்ப்புண்டு. இரண்டு பத்தி வடிவம், அட்டவணை, படமாகச் செருகிய எழுத்து ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள்.

'கம்ப்யூட்டரே வேண்டாம் என்றுவிட்டது' என்று அவன் நினைத்தால் அமேசானின் கதையைச் சொல்லுங்கள். அது உருவாக்கிய ஆள்தேர்வு மென்பொருள், பத்தாண்டு ரெஸ்யூம்களைப் பார்த்துப் பழகி, பெண்களுக்கான சங்கம், அணி என்று குறிப்பிட்டிருந்தாலே மதிப்பைக் குறைத்தது. அதைக் கைவிட்டார்கள், 2018இல் செய்தி வெளியே வந்தது. பழைய ரெஸ்யூம்களில் பெரும்பாலும் ஆண்கள், அவ்வளவுதான் விஷயம்; மென்பொருளின் 'வேண்டாம்' திறமைக்கான தீர்ப்பு அல்ல. சாப்பாட்டு நேரத்தில் வேலைப் பேச்சு வேண்டாம்.

கேள்வி: லீட்கோட் என்ற கோடிங் பயிற்சித் தளத்தில் 400 கணக்கு முடித்தும் தேர்வில் மூளை வெறுமையாகிவிடுகிறது. நான் இதற்கு லாயக்கில்லையா? (வாசகர், திருச்சி)

400இல் எத்தனைக்கு விடையைப் பார்த்தீர்கள்? பத்தாவது நிமிடத்தில் விடையைத் திறந்தால் 'ஆமாம், இது தெரியும்' என்று தோன்றும். பார்த்ததும் அடையாளம் தெரிவது வேறு, வெறுந்தாளில் எழுத வருவது வேறு. தேர்வு கேட்பது இரண்டாவதை. இன்னொரு கோளாறு, தலைப்பு வாரியாகப் போடுவது. 'ட்ரீ' (கிளைகளாகப் பிரியும் தரவமைப்பு) பட்டியலில் இருந்து எடுத்தால் பாதி விடை தலைப்பிலேயே இருக்கிறது.

இனி வாரத்துக்கு 10 கணக்கு போதும், தலைப்புகளைக் கலந்து. அதில் மூன்று பழையவை. முதல் 25 நிமிடம் தாளும் பேனாவும் மட்டும். எவ்வளவு மோசமான வழியானாலும் நேரடி வழியை முதலில் எழுதுங்கள். பிறகு உள்ளீட்டு வரம்பைப் பாருங்கள், அதுவே பெரிய துப்பு. 1,00,000 எண்கள் என்றால் இரட்டை லூப் (ஒவ்வொரு எண்ணையும் மற்ற எல்லா எண்களோடும் பார்ப்பது) ஆயிரம் கோடி முறை ஓடும், நேரத்துக்குள் முடியாது. சார்ட் செய்தால், அதாவது வரிசைப்படுத்தினால், சுமார் 17 லட்சம் படிகளில் அடங்கும். வரம்பு 20தான் என்றால் எல்லா உட்கணங்களையும் சோதிக்கலாம், மொத்தமே 10,48,576. பிறகும் வரவில்லை என்றால் குறிப்பை மட்டும் பாருங்கள். விடையைப் பார்க்கவே நேர்ந்தால், மூடிவிட்டு நீங்களே எழுதுங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் மீண்டும்.

தேர்வறையில் வெறுமையானால் நேரடி வழியை எழுதத் தொடங்குங்கள். கை ஓடினால் மூளை பின்னால் வரும். முந்தைய இரவு விழித்துப் படித்தால் இதில் எதுவும் வேலை செய்யாது.

கேள்வி: மனநல மருத்துவரைப் பார்த்தால் கல்லூரிக்கும் கம்பெனிக்கும் தெரிந்துவிடுமா? (பெயர் வேண்டாம், சென்னை)

தெரியாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 23ஆம் பிரிவு உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்கும் உரிமையைத் தருகிறது. சோர்வோ எதிலும் பிடிப்பின்மையோ இரண்டு வாரம், அநேகமாகத் தினமும் நீடித்தால் பார்த்துவிடுவது நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மனச்சோர்வு மாத்திரை எழுதித் தந்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும். மூன்றாம் நாளே 'வேலை செய்யவில்லை' என்று நிறுத்தாதீர்கள், தேறிய பிறகும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் இல்லை. அன்றே 14416க்கு அழையுங்கள். மத்திய அரசின் டெலிமானஸ் சேவை அது; கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். அன்றிரவு அறையில் தனியாக இருக்க வேண்டாம், நண்பர் ஒருவரை உடன் தங்கச் சொல்லுங்கள்.