கதிரையில் பொருத்தும் விசைப்பலகைத் தட்டு கழுத்து வலியைக் குறைக்குமா?

கேள்வி: நான் ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் வசிக்கிறேன். வயது 29, உயரம் ஐந்தடி. கொழும்பிலுள்ள நிறுவனமொன்றுக்காக, பற்றுச்சீட்டுகளைப் பார்த்து மடிக்கணினியில் கணக்குப் பதியும் வேலையை வீட்டிலிருந்தே செய்கிறேன். தோட்டக் காரியாலயத்தில் கழித்துவிட்ட பழைய மேசையொன்றில் வேலை செய்கிறேன். அதன் உயரம் 30 அங்குலம், கீழே லாச்சியும் உண்டு. சில மாதங்களாகப் பிற்பகலானதும் கழுத்தும் தோளும், குறிப்பாக இடப்பக்கம், இறுகிவிடுகின்றன, முதுகும் வலிக்கிறது. கதிரையின் கையில் பொருத்தி மடிக்கு மேலே கொண்டுவரக்கூடிய விசைப்பலகைத் தட்டு ஒன்றைப் பார்த்தேன். விலை என் சக்திக்குச் சற்று அதிகம். வாங்கினால் வலி குறையுமா? நெடுங்காலம் கொழுந்து பறித்த என் அம்மா, "உட்கார்ந்து செய்யிற வேலையில என்ன வலி?" என்று கேட்கிறார்.
– வாசகி, ஹட்டன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் குறிப்பிடும் தட்டு பயனுள்ள பொருள்தான். உங்கள் உயரத்தையும் மேசையின் உயரத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது, அது தீர்க்கக்கூடிய சிக்கல் ஒன்று உங்களிடம் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் வலிக்கான வேறு காரணங்களும் தெரிகின்றன; அவற்றை எந்தத் தட்டும் தொடப்போவதில்லை. ஆகவே வாங்குவதற்கு முன், செலவில்லாமல் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள் என்பதே என் முதல் ஆலோசனை.

மேசையிலிருந்து தொடங்குவோம். ஐந்தடி உயரமுள்ள பெண்ணொருவர் பாதங்கள் தரையில் படியும்படி உட்கார்ந்து, தோள்களைத் தளரவிட்டு, முழங்கையை விலாவோடு சேர்த்து மடக்கினால், அந்த முழங்கை தரையிலிருந்து ஏறக்குறைய 24 அங்குல உயரத்தில் இருக்கும். விசைப்பலகை இருக்கவேண்டிய இடமும் அதே உயரம்தான், அல்லது அதற்குச் சற்றுக் கீழே. உங்கள் மேசையோ 30 அங்குலம். இந்த ஆறு அங்குல வித்தியாசத்தை ஈடுசெய்வதற்காக நீங்கள் அறியாமலே தோள்களைக் காதுப்பக்கமாக உயர்த்தி, முழங்கைகளை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொள்கிறீர்கள். ஒரு கையின் எடை உடலெடையில் சுமார் இருபதில் ஒரு பங்கு. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு இரண்டு கைகளும் சேர்ந்து ஐந்து கிலோ அளவில் வரும். அந்த எடையைக் கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் தசைகள் நாள் முழுவதும் தூக்கிப் பிடித்திருக்கின்றன. பிற்பகலில் அவை இறுகிவிடுவதில் வியப்பில்லை. மலையகத்தின் குளிரும் இதற்குத் துணைபோகிறது. மழை நாட்களில் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்காருவது நம்மில் பலருக்கும் வழக்கமாகிவிட்டது. வேலை நேரத்தில் கழுத்தையும் தோளையும் சால்வையால் மூடிக்கொள்வது சிறிய காரியம், ஆனால் செய்யத்தக்கது.

கதிரையை உயர்த்தினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். உயர்த்தலாம், ஆனால் அப்போது பாதங்கள் தரையை விட்டு எழும்பிவிடும். தொங்கும் கால்களுக்குப் பிடிமானம் தேடி உடம்பு மெல்ல மெல்ல இருக்கையின் முன்விளிம்புக்கு நகரும், முதுகு சாய்மானத்தை விட்டு விலகும், பிறகு வளைந்துவிடும். கதிரையை உயர்த்துபவர் ஆறு அங்குலப் பலகையோ பெட்டியோ காலுக்கடியில் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் நல்ல வழிதான், மலிவானதும்கூட. மேசைக்கடியில் இழுப்புத் தட்டுப் பொருத்துவது மற்றொரு வழி. ஆனால் உங்கள் மேசையில் லாச்சி இருப்பதால், அதற்கும் கீழே தட்டை மாட்டினால் தொடையில் இடிக்கும். ஆகவே கதிரையோடு சேர்ந்த தட்டை நீங்கள் நினைத்துப் பார்த்தது சரியான யோசனையே.

அத்தகைய தட்டின் உண்மையான பயன் உயரத்தோடு முடிவதில்லை. விசைப்பலகை மேசையில் இருக்கும்வரை நாம்தான் அதை நோக்கிச் சாய வேண்டும். அது கதிரையோடு இணைந்திருந்தால், நாம் பின்னால் சாய்ந்தாலும் கைக்குள்ளேயே இருக்கும்; முதுகு சாய்மானத்தை விட்டு எழுவதற்குக் காரணமே இராது. சுவீடன் நாட்டு எலும்பியல் மருத்துவரான அல்ஃப் நாக்கெம்சன், முதுகெலும்பின் எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டுக்குள் ஊசியைச் செலுத்தி அங்குள்ள அழுத்தத்தை அளந்தவர். முன்னால் குனிந்து உட்காரும்போது அழுத்தம் கூடுவதையும், பின்னால் சாய்ந்து முதுகுக்குத் தாங்கல் கொடுக்கும்போது குறைவதையும் அந்த அளவீடுகள் காட்டின. பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட "நிமிர்ந்து உட்கார்" என்பதை நாள் முழுவதற்குமான விதியாகக் கொள்ளாதீர்கள். இடுப்பு மடியும் கோணம் 100 முதல் 110 பாகை வரை விரிந்திருக்க, முதுகு முழுவதும் சாய்மானத்தில் படிந்திருப்பதே நீண்ட நேர வேலைக்கு இதமானது. சாய்மானத்துக்கும் இடுப்புக்கு மேலுள்ள வளைவுக்கும் இடையில் வெற்றிடம் இருந்தால், சுருட்டிய துவாயொன்றை அங்கே வையுங்கள்.

இனிச் சோதனைக்கு வருவோம். மடிக்கணினியோடு இணைக்கக்கூடிய சாதாரண விசைப்பலகையொன்றும் மவுஸ் ஒன்றும் தேவை. இவை இரண்டையும் தட்டு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நீங்கள் பெற்றுக்கொள்ளத்தான் வேண்டும். கதிரையை, பாதங்கள் தரையில் முழுமையாகப் படியும் உயரத்தில் வையுங்கள். தொடையின்மேல் மெல்லிய தலையணையொன்றை வைத்து, அதன்மேல் அகலமான இலேசான பலகையை வைத்து, விசைப்பலகையை அதில் வையுங்கள். ஒரு வாரம் இப்படி வேலை செய்யுங்கள். மாலையில் தோளின் இறுக்கம் தெளிவாகக் குறைந்திருந்தால், தட்டுக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது. குறையவில்லையானால் காரணம் வேறெங்கோ இருக்கிறது; விலை கூடிய தட்டும் அதை மாற்றப்போவதில்லை.

மிகவும் அழுத்தமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: மடிக்கணினியை அப்படியே தூக்கித் தட்டின்மேல் வைத்துவிடாதீர்கள். இத்தட்டை வாங்குவோரில் சிலர் இதைத்தான் செய்கிறார்கள். அப்போது கைகள் சுகமடையும், ஆனால் திரை மடிக்கு இறங்கிவிடும். தலை முழுவதுமாகக் கவிழ்ந்துவிடும். மனிதத் தலையின் எடை நாலரை முதல் ஐந்து கிலோ வரை. அது தோள்களுக்கு நேர் மேலே இருக்கும்வரை கழுத்து எளிதாகத் தாங்கும். முன்னால் கவிழக் கவிழப் பின்கழுத்துத் தசைகளின் வேலை பல மடங்காகும். விசைப்பலகையும் திரையும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் கருவியில் இரண்டையும் ஒரே நேரத்தில் சரியான உயரத்தில் வைக்க இயலாது. மடிக்கணினியை மேசையிலேயே விட்டுவிட்டு, அதன்கீழே தேவையான உயரத்துக்குப் பழைய கணக்குப் புத்தகங்களை அடுக்குங்கள். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ வரவேண்டும். தாழ்ந்த கதிரையில் உட்காரும் உங்களுக்கு, கையை வருத்திய அதே உயரமான மேசை இப்போது திரையைத் தாங்க உதவும். பின்னால் சாயும்போது திரை தூரமாகும். எழுத்தைப் படிப்பதற்காகத் தலை முன்னால் நீளும். திரையை மேசையின் முன்பக்கமாக, கையை நீட்டினால் விரல்நுனி தொடும் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். எழுத்தின் அளவையும் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

இடப்பக்கம் மட்டும் ஏன் கூடுதலாக வலிக்கிறது? நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: பற்றுச்சீட்டுகளை மேசையில் படுக்கையாக ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டா பதிகிறீர்கள்? அப்படியானால் ஒவ்வொரு வரிக்கும் தலை ஒரு பக்கம் திரும்பிக் குனிந்து மீண்டும் நிமிர்கிறது. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தடவைகள் நடக்கும் இந்த அசைவே உங்கள் வலியின் பெரும்பகுதியாக இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். சாய்வான தாங்கி ஒன்றில் தாள்களைக் கௌவியால் பிடித்து, திரைக்குக் கீழே நேர் எதிரில் நிறுத்துங்கள். விசைப்பலகை மடிக்கு வந்துவிட்டதால் மேசையில் அதற்கு இடமும் கிடைக்கும்.

சோதனை பலனளித்து, வாங்குவது என்று தீர்மானித்தால், முதலில் உங்கள் கதிரையைப் பாருங்கள். கதிரையின் இரு கைகளுக்கும் குறுக்கே கிடக்கும் தட்டும், ஒரு பக்கக் கையில் பொருத்தி ஆட்டி விலக்கக்கூடிய தட்டும் என இரு வகைகள் கிடைக்கின்றன. இரண்டிலும் முழு எடையும் கதிரைக் கையில்தான் இறங்கும். சாதாரண பிளாஸ்டிக் கதிரையின் கை இதைத் தாங்காது. ஆணி தளர்ந்து ஆடும் கையும் தாங்காது. சக்கரக் கதிரையானால், சாய்ந்தாலும் கவிழாமல் நிற்பதற்கு ஐந்து கால் கொண்டதாக இருப்பது நல்லது. சமமில்லாத சீமெந்துத் தரையில் அது உருளாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து, கதிரைக் கையின் உயரம். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது அது முழங்கைக்கு ஒன்றரை அங்குலம் கீழே இருந்தால்தான், அதன்மேல் தட்டும் விசைப்பலகையும் ஏறிய பிறகு உயரம் சரியாக வரும். உயரம் குறைந்த பெண்களுக்குப் பல கதிரைகளில் கை ஏற்கனவே உயரமாக இருக்கும். அதன்மேல் தட்டையும் வைத்தால் மேசையில் பட்ட பாடே திரும்ப வரும். அப்போது இருக்கையில் கெட்டியான மெத்தையொன்றைப் போட்டு உங்களை உயர்த்தி, காலுக்கடியில் அதே அளவுக்குப் பலகை வைக்க வேண்டும். தொடைக்கும் முழங்கைக்கும் இடையில் மூன்று அங்குலம் அளவே இடம் இருக்கும் என்பதால், தடித்த தட்டு உங்களுக்கு ஒத்துவராது.

முழு அளவு விசைப்பலகை பதினெட்டு அங்குலம் வரை நீளமானது. பக்கத்தில் மவுஸ் அசைய இன்னும் எட்டு அங்குலம் வேண்டும். இருபத்தாறு அங்குலத்துக்குக் குறைந்த தட்டை வாங்கினால் மவுஸ் மீண்டும் மேசைக்கே போய்விடும். வலக்கை நாள் முழுவதும் எட்டி எட்டி நீளும். விசைப்பலகையின் முன்விளிம்பை விடப் பின்விளிம்பு சற்றுத் தாழ்ந்திருந்தால் மணிக்கட்டு நேராக இருக்கும். அதனால் பின்பக்கமுள்ள சிறு கால்களை விரிக்காதீர்கள். முன்கை தாங்கலோடு சாதாரண மவுஸுக்குப் பதிலாக மாற்று வடிவ மவுஸையும் பயன்படுத்தினால், கழுத்து, தோள் கோளாறுகள் குறையக்கூடும் என பல மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு கூறியது. தட்டில் முன்கைக்கும் இடம் இருக்கிறதா என்று அதனால்தான் பார்க்கச் சொல்கிறேன்.

கடையில் விற்பது விலை அதிகமென்றால் கவலைப்பட வேண்டாம். ஹட்டனில் நல்ல தச்சாசாரி ஒருவரிடம், அரை அங்குலப் பிளைவுட்டில், விளிம்புகளை உருட்டித் தேய்த்து, கதிரையின் இரு கைகளிலும் வாரால் கட்டக்கூடிய பலகையொன்றைச் செய்யச் சொல்லலாம். உங்கள் அளவுக்கே செய்யப்படும் பலகை, எவரோ ஒருவரின் அளவுக்குச் செய்து பெட்டியில் வருவதை விடச் சிறந்தது என்றே நான் கருதுகிறேன்.

தட்டுக்கு ஒரு குறையும் உண்டு. குறுக்கே பலகை இருந்தால் எழுந்திருக்க மனம் வராது. எவ்வளவு சரியாக உட்கார்ந்தாலும் அசையாத தசை வலிக்கும். அரை மணிக்கொருமுறையாவது பலகையை விலக்கி எழுந்து, தோள்களைப் பின்னோக்கிச் சுழற்றி, வாசல்வரை நடந்துவிட்டு வாருங்கள்.

உங்கள் அம்மாவின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். தலையில் கயிற்றை மாட்டிக் கூடை சுமந்து, சரிவில் ஏறி இறங்கிய அவரது கழுத்தும் முதுகும் பட்ட பாட்டுக்கு முன் எந்தக் கதிரை வேலையும் நிற்காது. அதை அவருக்கு மறுத்துச் சொல்லாதீர்கள். ஆனால் அவரால் கொழுந்தை நிறுக்கும் இடத்தில் கூடையை இறக்கிவைக்க முடிந்தது. உங்கள் தோள்கள் சுமக்கும் ஐந்து கிலோவை நீங்கள் இறக்குவதே இல்லை. சிறிய சுமையானாலும் தசை ஓய்வில்லாமல் பிடித்திருந்தால் வலி வரும். அவருக்கும் இப்போது கழுத்து வலி இருக்குமானால், அதையும் வயதின் கணக்கில் எழுதிவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, கதிரையும் தட்டும் பொறுப்பேற்க முடியாத வலிகளும் உண்டு. கையிலோ காலிலோ விறைப்பு (மரத்துப்போதல்), பலவீனம், விரல்கள் பொத்தான் போடவும் தடுமாறுதல், நடையில் தள்ளாட்டம், படுத்தாலும் தணியாத இரவு வலி, காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, விழுந்த பின் தொடங்கிய வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் வைத்தியரைக் காணுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டை இழந்தாலோ, இருக்கையில் படும் பகுதி மரத்துப்போனாலோ அன்றைக்கே வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். இவை எதுவும் இல்லாமல், மேலே சொன்ன மாற்றங்களைச் செய்து நான்கைந்து வாரங்கள் கழிந்தும் வலி நீடித்தால், டிக்கோயா ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) அனுப்பும்படி கேளுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. போவதற்கு முன், நீங்கள் வேலையில் ஆழ்ந்திருக்கும் நேரம் பார்த்து, பக்கவாட்டிலிருந்து ஒரு படமெடுக்கும்படி அம்மாவிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்து வையுங்கள். அந்தப் படத்தை இயன்மருத்துவரிடம் காட்டினால், நீங்கள் வாயால் விளக்குவதை விட அதிகமாக அவர் அதிலிருந்து தெரிந்துகொள்வார்.