ஓட்டத்தில் கூட்டு எதுவரை? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

இருவர் இருவராக அணி சேர்ந்து, கடிதவுறையில் வரும் குறிப்பைப் பின்பற்றி நாடு நாடாக ஓடுகிறார்கள். பெரும்பாலான கட்டங்களின் முடிவில் கடைசியாக வந்த அணி வீட்டுக்குப் போகிறது. 2001 செப்டெம்பரில் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கிய ‘தி அமேசிங் ரேஸ்’ போட்டி இதுதான். வெல்லும் அணிக்குப் பத்து இலட்சம் டொலர். இந்தப் போட்டியைப் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை அணிகள் தமக்குள் சேரும் கூட்டைப் பற்றியவை. அவற்றுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

‘சர்வைவர்’ போன்ற போட்டிகளில் வாக்குப் போட்டு ஆளை அனுப்புகிறார்கள். அங்கே கூட்டுச் சேர்வது விளங்குகிறது. ஓட்டப் போட்டியில் கூட்டுச் சேர்ந்து என்ன பயன்?
– வாசகர், ஆரையம்பதி

முதலாவதாக வருவதற்குக் கூட்டு உதவாது. கடைசியாக வராமல் இருப்பதற்கு உதவும். பதினொரு அணிகள் ஓடும்போது பத்தாவதாக வந்தாலும் அடுத்த கட்டம் உண்டு. ஆகவே ஆரம்பக் கட்டங்களில் ஒவ்வொரு அணிக்கும் தேவைப்படுவது ஒன்றுதான்: தனக்குப் பின்னால் இன்னும் ஓர் அணி நிற்க வேண்டும்.

கூட்டில் உண்மையாகக் கைமாறுவது தகவலும் விடையும். எந்த விமானம் முந்திப் போகும், எந்த டாக்சிக்காரருக்கு இடம் தெரியும் என்பது தகவல். விடை என்பது பணியின் தன்மையைப் பொறுத்தது. எண்ணிச் சொல்வது, குறியீட்டைக் கண்டுபிடிப்பது, ஒழுங்கு தவறாமல் அடுக்குவது போன்ற பணியில் ஓர் அணி ஒரு மணித்தியாலம் மண்டையை உடைத்துப் பெற்ற விடையை இன்னோர் அணிக்கு அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். சுமப்பது, தோண்டுவது, உயரத்திலிருந்து குதிப்பது போன்ற பணியில் கூட்டாளி பக்கத்தில் நின்று கைதட்டலாம், அவ்வளவுதான். பலமான உடம்புள்ள அணிக்குக் கூட்டினால் வருவது குறைவு. புதிர்ப் பணியில் தடுமாறும் அணிக்கு வருவது அதிகம். இந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கில் எடுக்காமல் சேரும் கூட்டில் ஒரு பக்கம் கொடுத்துக்கொண்டே இருக்கும், மறு பக்கம் வாங்கிக்கொண்டே இருக்கும்.

2020இல் ஒளிபரப்பான 32ஆம் பருவத்தைப் பாருங்கள். ஐந்து அணிகள் சேர்ந்து, விடைகளைப் பகிர்ந்து, அந்த ஐந்துமே கடைசி ஐந்து இடங்களுக்கு வந்தன. வெளியே நின்ற அணிகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. பிழையில்லாத கணக்கு. ஆனால் பார்ப்பவருக்கு அந்தப் பருவத்தின் நடுப்பகுதி சப்பென்று போனது, பலர் அதைக் கடுமையாகக் குறை சொன்னார்கள். அந்தக் குறை நியாயமானது என்பதே எங்கள் எண்ணம்.

எதிர்மாறான உதாரணம் 2006இல் வந்த 10ஆம் பருவம். எர்வின்–கொட்வின் சகோதரர்கள், டேவிட்–மேரி, லின்–கார்லின் என்று மூன்று அணிகள் மனமொத்துச் சேர்ந்தன. சகோதரர்கள் தாம் முந்திப் போகக்கூடிய நேரத்திலும் கூட்டாளிக்காகக் காத்து நின்றார்கள். அது நல்ல மனசு, ஆனால் நல்ல ஓட்டம் அல்ல. லின்–கார்லின் இறுதிக் கட்டம்வரை வந்து மூன்றாம் இடம் பெற்றார்கள். மூன்றில் ஓர் அணியும் வெல்லவில்லை. விடையைக் கொடுத்தால் உங்களுக்குப் போவது அரை நிமிடம். காத்து நின்றால் போவது உங்கள் முழு முன்னிலை. கூட்டாளிக்கு விடையைக் கொடுக்கலாம், முன்னிலையைக் கொடுக்கக் கூடாது.

அப்படியானால் கூட்டை எப்போது முறிப்பது?
– வாசகி, ஏறாவூர்

நான்கு அணிகள் மிஞ்சும் கட்டம் முடிந்தவுடன். வழமையாக இறுதிக் கட்டத்தில் மூன்று அணிகள் ஓடும். நான்கு இருக்கும்போது மூன்று சேர்ந்து நாலாவதைப் பின்னுக்கு விட்டால் மூவருக்கும் இலாபம். மூன்றாகிவிட்டால் இனி வெளியேற்றம் இல்லை, முதலிடம் மட்டுமே உண்டு. அங்கே சொல்லும் ஒவ்வொரு விடையும் பரிசை எடுத்துக் கையில் கொடுப்பது போல. 32ஆம் பருவத்தின் ஐந்து அணிக் கூட்டிலும் வில்–ஜேம்ஸ், ஹங்–சீ, ரைலி–மடிசன் ஆகிய மூன்றுதான் இறுதிக்கு வந்தன. நியூ ஓர்லியன்ஸில் வில்–ஜேம்ஸ் வென்றார்கள்.

ஐந்து பேர் கூட்டில் நாலாவதும் ஐந்தாவதும் யார் என்பது சேரும் நாளிலேயே எழுதப்பட்ட மாதிரி. நீங்கள் அந்த இரண்டில் ஒன்றாக இருக்கக்கூடும் என்று தோன்றினால், கூட்டுக்கு வெளியே நிற்கும் ஓர் அணியோடும் கதைத்து வையுங்கள். பொய் சொல்லத் தேவையில்லை. “இறுதி மூன்று வரைதான், அதன் பிறகு அவரவர் பாடு” என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பிறகு துரோகம் என்ற பேச்சு எழாது.

யூ டர்ன் பலகைக்கு முந்தி வந்துவிட்டால் யாருடைய படத்தை ஒட்டுவது? பலமான அணியையா, பலவீனமான அணியையா?
– வாசகர், கல்முனை

யூ டர்ன் 12ஆம் பருவத்தில், 2007இல் வந்தது. டீட்டூர் என்ற இடத்தில் இரண்டு பணிகளில் விரும்பிய ஒன்றைச் செய்தால் போதும். யூ டர்ன் விழுந்த அணி இரண்டையும் செய்தாக வேண்டும். பலகையை ஏற்கனவே தாண்டிப் போன அணிமேல் அதைப் பயன்படுத்த முடியாது. ஓர் அணிக்கு அந்தப் பலம் ஒரு முறைதான்.

கணக்காகப் பார்ப்போம். ஒரு பணிக்கு 40 நிமிடம், ஓர் இடத்திலிருந்து மற்ற இடத்துக்குப் போக 10 நிமிடம் என்றால் யூ டர்னின் விலை 50 நிமிடம். நீங்கள் முதலாவதாக வந்திருந்து, பலமான அணி உங்களுக்கு 5 நிமிடம் பின்னால், கடைசி அணி 80 நிமிடம் பின்னால் என்றால், அந்தப் பலமான அணிக்கு 50 நிமிடத்தைப் போட்டாலும் அது தப்பிவிடும். மறுநாளிலிருந்து உங்களுக்கு ஒரு பகையாளி மட்டும் மிச்சம். அதே பலமான அணி வழி தவறிக் கடைசி அணியோடு ஒட்டி வருகிறது என்று உறுதியாகத் தெரிந்தால், அதுதான் நேரம். நீங்களே கடைசிக்கு ஒன்று முன்னால் நிற்கிறீர்கள் என்றால் யோசனைக்கு இடமில்லை: பின்னால் நிற்பவர் யாரோ அவர்மேல் போடுங்கள், அவர் நண்பராக இருந்தாலும்.

இரட்டை யூ டர்ன் என்றால் பலகையில் இரண்டு இடம் உண்டு. முதல் இடத்தில் மாட்டிக்கொண்ட அணி, இரண்டாம் இடம் காலியாக இருந்தால், தனக்குப் பின்னால் வரும் இன்னோர் அணிமேல் அதைப் போட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆகவே கூட்டு அணிகள் இரண்டு ஒன்றாக வரும்போது ஒன்று முதல் இடத்தையும் மற்றது இரண்டாம் இடத்தையும் நிரப்பிவிட்டுப் போகும். இரண்டாம் இடத்தைத் திறந்து விட்டுப் போவதுதான் பலர் விடும் பிழை.

இதற்கு முன்னோடி 5ஆம் பருவத்தில், 2004இல் வந்த யீல்ட். அதில் மாட்டிய அணி மணற்கடிகாரம் முடியும்வரை அசையாமல் நிற்க வேண்டும். சிப்–கிம் தம்பதியர் எல்லோரோடும் சிரித்துப் பழகினார்கள், பகையைத் தேடவில்லை, அந்தப் பலத்தையும் அவசரப்பட்டுச் செலவழிக்கவில்லை. போட்டியின் கடைசிப் பகுதியில் மிகப் பலமான கொலின்–கிறிஸ்ரி அணிமேல் அதைப் போட்டார்கள். வென்றதும் அவர்கள்தான். அணிகள் குறைந்து இடைவெளி சுருங்கிய பிறகு பலமானவர்மேல் போடுவது பலிக்கும். கூட்டம் நிறைய இருக்கும்போது பலிக்காது.

ரொப் என்பவர் இறைச்சி சாப்பிடாமல் விட்டு மற்றவர்களையும் விட வைத்தாராமே? அது களவு விளையாட்டு இல்லையா?
– வாசகர், அக்கரைப்பற்று

விதிக்குள் நடந்தது, ஆகவே களவு இல்லை. 2005இல் ஒளிபரப்பான 7ஆம் பருவம், ஆர்ஜென்டீனா. ரோட் பிளாக் என்றால் இருவரில் ஒருவர் மட்டும் செய்யும் பணி. அங்கே நாலு இறாத்தல் அளவு இறைச்சியைச் சாப்பிட்டு முடிக்க வேண்டும். விட்டுவிட்டால் நாலு மணித்தியாலம் தண்டனை. தனியாக விட்டால் கடைசி இடம் நிச்சயம். ரொப் இன்னும் இரண்டு அணிகளைப் பேசிச் சம்மதிக்க வைத்து அவர்களையும் விடச் செய்தார். அவருடைய தண்டனை நேரம் முந்தித் தொடங்கியதால் முந்தி முடிந்தது. பின்னால் இரண்டு அணிகள் காப்புக்கு நின்றன. ரொப்–அம்பர் அந்தப் பருவத்தில் இரண்டாம் இடம்வரை போனார்கள். அவர் பேச்சைக் கேட்டு விட்ட இரு அணிகளும் ஒன்றை யோசிக்கவில்லை: தண்டனை எல்லோருக்கும் ஒரே அளவு என்றால், முதலில் விட்டவருக்குத்தான் இலாபம்.

எக்ஸ்பிரஸ் பாஸ் கிடைத்தால் கடைசிவரை வைத்திருப்பதா?
– வாசகி, சம்மாந்துறை

வேண்டாம். 18ஆம் பருவத்தில் அறிமுகமான இந்தப் பாஸைக் காட்டி ஒரு பணியைச் செய்யாமல் தாண்டலாம். 22ஆம் பருவத்தில் ஜெசிக்கா–ஜோன் அணி பயன்படுத்தாத பாஸைக் கையில் வைத்துக்கொண்டே வெளியேறியது. ஒரு பணியில் இரண்டு முறை தவறிவிட்டீர்கள், உங்களுக்குப் பின்னால் எத்தனை பேர் என்று தெரியவில்லை என்றால் அதே இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

இந்தப் போட்டி எங்கள் நாட்டுக்கு வந்திருக்கிறதா?
– மாணவி, திருக்கோவில்

வந்திருக்கிறது, மகள். 2004இல் ஒளிபரப்பு ஆரம்பித்த 6ஆம் பருவத்திலும் 2014இல் வந்த 24ஆம் பருவத்திலும் அணிகள் இலங்கையில் ஓடின.

எங்கள் இளைஞர் கழகம் மட்டக்களப்பிலிருந்து மண்டூர்வரை ஒருநாள் போட்டி நடத்தியது. எட்டு அணிகளில் ஐந்து சேர்ந்து விடைகளைப் பகிர்ந்துகொண்டன, மற்ற மூன்றும் மதியத்துக்குள் மனம் விட்டுப் போயின. அடுத்த முறை இதை எப்படித் தடுப்பது?
– கழகச் செயலாளர், களுவாஞ்சிகுடி

விதி போட்டுக் கூட்டைத் தடுக்க ஏலாது. பணியை மாற்றித்தான் தடுக்கலாம். முதலில் விடைப் பணிகளை எடுங்கள். எட்டு அணிக்கும் ஒரே கேள்வி கொடுத்திருப்பீர்கள். அடுத்த முறை ஒரே இடம், எட்டுக் கேள்வி. சந்தையில் ஓர் அணி தேங்காய்க் கடைகளை எண்ணட்டும், இன்னொன்று மீன் தராசுகளை எண்ணட்டும். முதல் நாள் மாலை போய் எண்ணி வைக்காதீர்கள், கடைகள் மாறும். போட்டி அன்று காலையில் நடுவரே எண்ண வேண்டும்.

டீட்டூருக்கு நம் பக்கத்துக் கைவேலை நன்றாகப் பொருந்தும். ஒரு பக்கம் அலவாங்கில் 10 தேங்காய் உரிப்பது, மறு பக்கம் 2 கிடுகு பின்னுவது. ஓலையை முதல் நாளே ஊறப்போட வேண்டும். காய்ந்த ஓலை ஒடிந்து, அணி பழகாததால் தாமதமா ஓலையால் தாமதமா என்று சண்டை வரும். போட்டியில் சேராத இருவரை வைத்து இரு பணியையும் செய்து நேரம் பாருங்கள். வித்தியாசம் 10 நிமிடத்தைத் தாண்டினால் எண்ணிக்கையை மாற்றுங்கள். பழகாதவர்களுக்கு நீங்கள் அளந்த நேரத்தின் இரு மடங்கு எடுக்கும் என்று வைத்துத்தான் நாளைத் திட்டமிட வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் 2 நடுவர்.

இனிக் குருமண்வெளிப் பாதை. உங்கள் போட்டியின் மிக முக்கியமான இடம் அதுதான். ஆட்களை ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைப் படகான அந்தப் பாதை, தொலைக்காட்சிப் போட்டியில் விமானமும் காலையில் திறக்கும் வாசற்கதவும் செய்யும் வேலையைச் செய்கிறது. 20 நிமிடம் முந்தி வந்த அணி கரையில் காத்து நிற்கும். பிந்தி வந்த அணியும் ஓடி வந்து அதே பாதையில் ஏறும். முன்னிலை அழிந்துவிடும். அல்லது ஒரு நிமிடத்தால் தவறவிட்ட அணி அரை மணித்தியாலம் பின்னுக்குப் போகும். ஆகவே யூ டர்ன் பலகையைக் கரைக்கு இப்பால் வைத்தால் அது வீண், பாதை அதைக் கழுவிவிடும். டீட்டூரையும் யூ டர்னையும் அக்கரையில், மண்டூர்ப் பக்கம் வையுங்கள். இக்கரையில் பஸ்ஸும் எண்ணும் பணியும் போதும்.

பாதையை விட்டு இறங்கும் வரிசையைப் பயன்படுத்தி கூட்டையும் உடைக்கலாம். 10ஆம் பருவத்தில் ‘இன்டர்செக்ஷன்’ என்று ஒன்று வந்தது: இரண்டு அணிகள் சேர்ந்துதான் அடுத்த பணியைச் செய்ய வேண்டும். அக்கரையில் கால் வைக்கும் வரிசைப்படி அணிகளை இரண்டிரண்டாகச் சேருங்கள். நாலு சோடி வரும். அந்த ஐந்து அணிகளில் ஒன்றாவது வெளி அணியோடு சேர்ந்தே ஆக வேண்டும். வரிசை கலந்தால் மூன்றுவரை சேரும். ஒரு பணியை ஒன்றாகச் செய்து முடித்த அணிகள் அதற்குப் பிறகு ஒன்றையொன்று அவ்வளவு எளிதாகக் கைவிடுவதில்லை.

வெளியேற்றத்தையும் மாற்றுங்கள். ஒருநாள் போட்டியில் காலையிலேயே ஓர் அணியை அனுப்பினால் அந்த இருவரும் வெயிலில் சும்மா இருப்பார்கள். பாதைவரை யாரையும் வெளியேற்ற வேண்டாம். அக்கரை டீட்டூர் முடிவில் கடைசி இரண்டு அணிகள் வெளியேறட்டும். வெளியேற்றம் எங்கே என்று அணிகளுக்குச் சொல்லாதீர்கள். தொலைக்காட்சியிலும் வெளியேற்றமில்லாக் கட்டங்கள் பல பருவங்களில் உண்டு, முன்கூட்டித் தெரியாததால்தான் அணிகள் கூட்டாளிக்காகக் காத்து நிற்கப் பயப்படுகின்றன.

போக்குவரத்துக்குப் பஸ் மட்டும். கடிதவுறைக்குள் சரியான பஸ் காசை வையுங்கள். மோட்டார் சைக்கிளை அனுமதித்தால் பிரதான வீதியில் யாராவது விழுவார்கள். பாதையில் ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி வேண்டும். பாதை கரையில் முழுதாகத் தட்டும்வரை யாரும் குதிக்கக் கூடாது. குதித்தால் 15 நிமிடம் தண்டனை என்று காலையிலேயே வாசித்துக் காட்டுங்கள். கைத்தொலைபேசிகளை ஒட்டிய உறையில் போட்டு அணியிடமே கொடுங்கள், அவசரத்துக்கு உடைக்கலாம். உறை உடைந்திருந்தால் நடுவர் காரணம் கேட்க வேண்டும். கார்த்திகை, மார்கழி மழைக் காலத்தையும் மண்டூர்த் திருவிழாக் காலத்தையும் தவிருங்கள். திருவிழாவில் பாதை முழுக்க அடியாராக இருக்கும், உங்கள் எட்டு அணிக்கு ஏற இடம் கிடைக்காது.

தகப்பனும் மகளும், அண்ணனும் தங்கச்சியும், நண்பர்கள் இருவர் – எந்தச் சோடி நல்லது?
– வாசகர், வாழைச்சேனை

உறவைவிடத் திறமை பிரிந்திருப்பதைப் பாருங்கள். ஒருவரே எல்லா ரோட் பிளாக்கையும் செய்ய முடியாதபடி இருவரும் ஏறத்தாழச் சமமாகப் பகிரும் விதி ஆரம்பப் பருவங்களுக்குப் பிறகு வந்துவிட்டது. உயரத்துக்கும் தண்ணீருக்கும் இருவருமே பயந்தவர்கள் என்றால் அந்தச் சோடி நீடிக்காது. இறுதிக் கட்டத்தில், வந்த இடங்களை ஒழுங்காக நினைவுபடுத்தும் பணி அடிக்கடி வருகிறது. இருவரில் ஒருவர் முதல் நாளிலிருந்தே இடத்தின் பெயர், கொடி, வாழ்த்துச் சொல், வந்த வரிசை ஆகியவற்றைச் சின்னக் கொப்பியில் எழுதி, ஒவ்வொரு இரவும் மற்றவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்தக் கொப்பியைக் கூட்டாளி அணிக்குக் காட்டக் கூடாது.