மாதா மாதம் ஒரு கண் பரிசோதனைக் கட்டணம் வட்டிக்குப் போகிறது

கேள்வி: எனக்கு 29 வயது. தண்டையார்பேட்டையில் அம்மா, அண்ணனுடன் இருக்கிறேன். பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. கைக்கு 26,000 ரூபாய் வருகிறது. பவர் மைனஸ் 6.5. டி.எச். ரோட்டில் ஹெல்மெட்டோடு கண்ணாடி போட்டு வண்டி ஓட்ட முடியாமல் கான்டாக்ட் லென்ஸுக்கு மாறினேன். வருடா வருடம் கண்ணைக் காட்டச் சொல்கிறார் டாக்டர். டெஸ்ட்டுக்கு 1,800 ரூபாய் ஆவதால் மூன்று வருடமாகப் போகவில்லை. ஒரு மாத லென்ஸை மூன்று மாதம் ஓட்டுகிறேன். இப்போது ஒரு கடையில் 14,999 ரூபாய்க்கு இலவச கண் டெஸ்ட்டுடன் ஆண்டு பேக்கேஜ், வட்டியில்லா இஎம்ஐ என்கிறார்கள். சேரலாமா? கிரெடிட் கார்டில் 48,000 ரூபாய் பாக்கி உண்டு. வீட்டுக்கு ஏசி வாங்க அண்ணன் தேய்த்தது. இன்னும் அவ்வப்போது தேய்க்கிறார். மினிமம் டியூ தவறாமல் கட்டிவிடுகிறேன்.

பதில்: பேக்கேஜில் சேர வேண்டாம். காரணத்தை அப்புறம் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது கடைசி வரிதான்.

மினிமம் டியூ, அதாவது பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் தொகை, கட்டினால் அபராதம் வராது, அவ்வளவுதான். வட்டி முழுதாக ஓடிக்கொண்டே இருக்கும். கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 48,000க்கு 1,680 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, சுமார் 300. ஆக மாதம் 1,980 ரூபாய். மினிமம் டியூ 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 2,400. அதில் கடனில் குறைவது 420 ரூபாய்தான். அந்த மாதம் அண்ணன் ஐந்நூறு ரூபாய்க்கு பெட்ரோல் போட்டாலே கடன் ஏறிவிடும். இன்னொன்று: பாக்கி இருக்கும்போது புதிதாகத் தேய்க்கும் தொகைக்கு வட்டியில்லா நாட்களே கிடையாது. தேய்த்த அன்றே வட்டி தொடங்கிவிடும்.

வருடத்துக்கு 1,800 ரூபாய் இல்லை என்று கண் டாக்டரிடம் போகாமல் இருக்கிறீர்கள். அதைவிட அதிகமான தொகையை மாதா மாதம் வட்டியாகக் கொடுக்கிறீர்கள். லென்ஸ் ஜோடி 700 ரூபாய் என்றால் வருடத்துக்கு 8,400. சொல்யூஷன் 2,400. டெஸ்ட் 1,800. மொத்தம் 12,600. கார்டு வட்டியோ வருடத்துக்கு 23,700ஐத் தாண்டுகிறது. முறையாக லென்ஸ் போட முடியாத வருமானம் இல்லை உங்களுடையது.

அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஏசி காற்று எல்லோருக்கும்தான் வருகிறது. ஆனால் பில் வருவது உங்கள் பெயருக்கு. "அண்ணா, இனிமேல் இந்தக் கார்டு கிடையாது, ஏசி கடனில் மாதம் 2,000 நீ கொடுக்கணும்" என்று அம்மா முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சண்டை வரும் என்று தள்ளிப்போடாதீர்கள். கார்டைக் கையில் வாங்குவது போதாது. பின் நம்பரை மாற்றுங்கள், அவர் போனில் இருக்கும் ஆப்களிலிருந்து கார்டை நீக்குங்கள், பேங்க் ஆப்பில் ஆன்லைன் பரிவர்த்தனையை அணைத்து வையுங்கள்.

பாக்கியை அடைக்க, வீட்டில் சும்மா இருக்கும் நகையை பேங்கில் வைக்கலாம். வருட வட்டி பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும். மாதம் இரண்டு வட்டி கேட்கும் தெருமுனை அடகுக்கடை வேண்டாம். அது வருடத்துக்கு 24 சதவீதம். நீங்கள் 3,000, அண்ணன் 2,000 என்று மாதம் 5,000 அசலில் கட்டினால் பத்து மாதத்தில் நகை திரும்பிவிடும். பத்து மாதத்துக்கும் சேர்த்து வட்டி இரண்டாயிரத்தைச் சற்றுத் தாண்டும். கார்டு ஒரு மாதத்தில் எடுப்பதும் கிட்டத்தட்ட அதேதான். அண்ணன் தராவிட்டாலும் நீங்கள் மட்டும் 3,000 கட்டுங்கள். பதினாறு, பதினேழு மாதம் ஆகும். வருடக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பி வைக்கும் வழக்கத்துக்குள் போய்விடாதீர்கள்.

சரி, பேக்கேஜ். அதில் தரும் 'இலவச டெஸ்ட்' பெரும்பாலும் மெஷினில் பவர் பார்ப்பது. உங்களுக்குத் தேவை அதைத் தாண்டிய பரிசோதனை. ஸ்லிட் லாம்ப் என்ற, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் கருவிழியைப் பார்ப்பார்கள். லென்ஸால் ஆக்சிஜன் குறைந்து கருவிழிக்குள் ரத்தக் குழாய் வளர ஆரம்பித்தால் ஆரம்பத்தில் வலிக்காது, உங்களுக்குத் தெரியவும் தெரியாது. இமையைத் திருப்பி உள்பக்கமும் பார்ப்பார்கள். மைனஸ் 6ஐத் தாண்டிய கண்ணில் விழித்திரை கிழியும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். அதனால் சொட்டு மருந்து விட்டு விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். பவர் மாறினால் முன்பணம் கட்டி வாங்கிய லென்ஸ் வீண். வட்டியில்லா இஎம்ஐக்கும் பிராசசிங் கட்டணம், வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டி எல்லாம் வரும். கார்டுக் கடனில் இருப்பவர் அதே கார்டில் இன்னொரு இஎம்ஐ போடவே கூடாது.

டெஸ்ட்டை இந்த மாதமே முடியுங்கள். 1,800 ரூபாய் இப்போது கையில் இல்லையென்றால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போங்கள். 1819ல் தொடங்கிய மருத்துவமனை அது. மெட்ரோவில் ஏறி சென்ட்ரலில் மாறினால் போய்விடலாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கண் பிரிவு இருக்கிறது. டாக்டர் சொல்லும்வரை கண்ணாடியே போடுங்கள். மூன்று மாதம் ஓடிய லென்ஸை இன்றே தூக்கிப் போடுங்கள். அதன் டப்பாவையும் சேர்த்து. குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அதனால் வரும் கிருமித் தொற்று கருவிழியையே புண்ணாக்கிவிடும். கண் சிவந்து வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

நகைக் கடன் பணம் வந்ததும் கார்டு பாக்கியை ஒரே தடவையில் அடையுங்கள். அதற்கு அடுத்த பில்லில் சில நூறு ரூபாய் வட்டி வரும். பில் தேதிக்கும் நீங்கள் பணம் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களுக்கான வட்டி அது. அதையும் முழுதாகக் கட்டிவிட்டு, கார்டின் வரம்பை 10,000 ஆகக் குறைக்கச் சொல்லி பேங்குக்கு எழுதிக் கொடுங்கள்.